உங்கப்பாவின் எடை கூடிய கதை

கண்ணு,

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "செரிம்மா, செரிம்மா, மீட்டிங் இருக்குது" என்பாய். எழுதினால் நீ என் பேச்சை நடுவில் வெட்ட முடியாது. படிக்கும்போது பசித்தால் எழுந்துபோய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

முந்தாநாள் நித்யா கூப்பிட்டாள். முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, போனை வைக்கப்போகும் நேரத்தில் தயங்கித் தயங்கி, "அத்தை, நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லீராதீங்க. ராத்திரி சோறே திங்கறதில்லீங்க. காத்தால எந்திரிச்சதும் வாட்சுல பார்க்கறாருங்க. நம்பர் எறங்கலைன்னா அன்னைக்கு மத்தியானமும் பட்டினிதானுங்க" என்றாள். சொல்லமாட்டேன் என்று நான் அவளிடம் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் உன்னிடம் சொல்கிறேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. தாலி ஏறுவதற்கு முன்பே உன் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிற பெண் கிடைத்திருக்கிறாள் என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போன வாரம் வீடியோவில் உன் கன்னம் ஒட்டியிருந்ததை நானும் பார்த்தேன். பெங்களூரில் வெளிச்சம் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வைகாசிக்குள் கொழுப்புச் சதவீதத்தை இருபதுக்குக் கீழே கொண்டுவந்தே தீருவேன், கல்யாண போட்டோ காலத்துக்கும் இருக்கும் என்று அவளிடம் சொன்னாயாமே.

உனக்கு அறிவுரை சொல்லுமளவு நான் படித்தவள் இல்லை. நம் யூனிட்டில் பனியன் தைத்து அனுப்பும் வேலையைத் தவிர எனக்கு வேறு எதுவும் முழுதாகத் தெரியாது. ஆனால் உன் கையில் இருக்கிற மாதிரி ஒரு வாட்ச் காட்டும் கொழுப்பு, தசை, தண்ணீர்க் கணக்கோடு ஒரு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அந்த ஒரு வருஷத்தில் நம் வீட்டில் என்ன நடந்தது என்பதை நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் சொல்லவில்லை. வாட்சை வாங்கிக் கொடுத்தவன் நீ, கேட்டால் வருத்தப்படுவாய் என்று உங்கப்பா சொன்னார். இப்போது சொல்லவேண்டிய நேரம் வந்துவிட்டது.

போன வருஷம் அவர் பிறந்தநாளுக்கு அந்த வாட்சை அனுப்பினாய். நினைவிருக்கிறதா? வீடியோவில் நீயே சொல்லிக் கொடுத்தாய். கையை உடம்போடு ஒட்டாமல் தூக்கிக்கொள்ள வேண்டும், இன்னொரு கையின் இரண்டு விரலைப் பக்கத்திலிருக்கும் இரண்டு பட்டனில் வைத்து அசையாமல் இருக்க வேண்டும் என்றாய். "ஷாக் அடிக்குமா சாமி?" என்று அவர் கேட்டதற்குச் சிரித்துவிட்டாய். நமக்கே தெரியாத அளவுக்குச் சின்னதாக ஒரு மின்சாரம் உடம்புக்குள் போய்வரும், சதையில் தண்ணீர் அதிகம் என்பதால் அதில் சுலபமாக ஓடும், கொழுப்பில் தடைபடும், அந்தத் தடையை வைத்து உடம்பில் எது எவ்வளவு என்று வாட்ச் கணக்குப் போடும் என்றாய். அவருக்குப் பாதி புரிந்தது. எனக்கு அந்தப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் மனுஷருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. சர்க்கரை வந்ததிலிருந்தே தொப்பையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? எடை போடும் மெஷின் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு. ராத்திரிக்கு மோர் மட்டும். யாரோ சொன்னார்கள் என்று முட்டையை நிறுத்தினார், கறியை நிறுத்தினார், கடைசியில் பருப்பையும் நிறுத்தினார். விடியும் முன்பே நடக்கக் கிளம்பிவிடுவார். எடை மளமளவென்று இறங்கியது. நல்லது கெட்டதுக்குப் போன இடத்திலெல்லாம், "என்னுங்க, மாப்பிள்ளையாட்டம் ஆயிட்டீங்க" என்றார்கள். பழைய சட்டைகளெல்லாம் தொளதொளவென்று ஆனதை எனக்குப் போட்டுக் காட்டிச் சந்தோஷப்பட்டார். நானும்தான் சந்தோஷப்பட்டேன், இல்லையென்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை எடையைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார். நீ கைதட்டுகிற பொம்மையைப் போட்டு அனுப்புவாய். அதை அன்று முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் டீ நேரத்தில் அந்த வாட்சை யூனிட்டில் என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போயிருந்தார். ஓவர்லாக் மெஷினில் இருக்கும் மேரியை உனக்குத் தெரியும். நாங்குநேரிப் பக்கம். ஆளும் நல்ல கனம், பேச்சும் நல்ல கனம். "யக்கா, எனக்கும் பாருங்க" என்று வாங்கி மாட்டிக்கொண்டாள். வாட்ச் காட்டிய எண்ணைப் பார்த்ததும் துள்ளிவிட்டாள். "பாத்தியளா! எங்கிட்டக் கொழுப்பே இல்லையாம்லா. எங்க வீட்டு மனுசன் குண்டச்சி, குண்டச்சின்னு ஏசுதாரு. இந்தப் போட்டோவ எடுத்து அவருக்கு அனுப்புங்கக்கா!" என்றாள். அதைப் பார்த்துவிட்டு மற்ற பெண்களும், இந்திக்காரப் பிள்ளைகள் உட்பட, வரிசையில் நின்றுவிட்டார்கள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் உங்கப்பாவின் போனில் வாட்ச் கணக்கைத் திறந்து, அதன் விளக்கத்தைத் தேடி, ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்புறம்தான் புரிந்தது. அந்த மின்சாரம் மட்டும் கணக்கைச் சொல்வதில்லை. ஆணா பெண்ணா, வயசு என்ன, உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று நாம் முதலில் பதிந்துவைத்ததையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போடுகிறது. மேரியை அந்த வாட்ச் அறுபது வயசு ஆம்பளை என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது! கர்ப்பமாக இருப்பவர்களும், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் இந்த அளவை எடுக்கவே கூடாது என்றும் அதில் போட்டிருந்தது. நம் செக்கிங் டேபிளில் இருந்த பிள்ளை அப்போது மாசமாக இருந்தாள். நல்லவேளை, அவள் முறை வருவதற்குள் டீ நேரம் முடிந்துவிட்டிருந்தது. மறுநாள் மேரியிடம் விஷயத்தைச் சொன்னதற்கு, "போங்கக்கா, ஒருநா ஒல்லியா இருந்துட்டுப் போறேன். அதுக்குள்ள ஏன் வந்து சொன்னிய?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், கொழுப்புக்குக் கீழே தசை என்று இன்னொரு வரி இருப்பதையும், அதைத் தொட்டால் மாசக்கணக்கில் கோடு போட்டுக் காட்டுவதையும் பார்த்தேன். உங்கப்பாவின் எடைக் கோடு சறுக்குமரம் போல இறங்கியிருந்தது. கொழுப்புச் சதவீதம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. தசைக் கோடு எடையோடு கைகோத்துக்கொண்டு இறங்கியிருந்தது. இத்தனை நாளில் ஒருதரம்கூட அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை.

"ஏனுங்க, எறங்குனது பூராவும் கொழுப்பு இல்லீங்க போல. சதையும் சேர்ந்து எறங்கியிருக்குதுங்க" என்றேன்.

"அது பொம்மை வாட்சு அம்மிணி. மேரியையே ஒல்லின்னு சொன்னதாச்சே" என்றார்.

நான் கண்டுபிடித்ததை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் அளந்ததும் ஒழுங்காக அளந்ததில்லை. ஒருநாள் குளித்துவிட்டு ஈரக்கையோடு, ஒருநாள் நடந்து வியர்த்த உடம்போடு, இன்னொருநாள் சாப்பிட்ட பிறகு என்று தோன்றின போதெல்லாம் பட்டனில் விரலை வைப்பார். எண்ணும் மேலும் கீழுமாகக் குதிக்கும். இதை நம்பி என்ன சண்டை போடுவது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் காய் வாங்க ஸ்கூட்டரில் போனோம். சிக்னலில் வண்டி நின்றது. அவர் வலது காலை ஊன்றினார். வண்டி மெதுவாக வலப்பக்கம் சாய்ந்தது. எத்தனையோ வருஷமாக என்னையும் மூட்டையையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டிய மனுஷர்தானே, நிமிர்த்திவிடுவார் என்று நான் பின்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். நிமிரவில்லை. அவர் கால் வெடவெடவென்று நடுங்குவது சீட்டில் எனக்குத் தெரிந்தது. வேகமே இல்லாமல், யாரோ படுக்கவைப்பது போல, இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தோம். பின்னால் வந்த கம்பெனி வேன் சட்டென்று பிரேக் போட்டு நின்றது. வேனிலிருந்து நாலைந்து வடக்கத்திப் பெண்கள் இறங்கி ஓடிவந்து எங்களைத் தூக்கினார்கள். "அங்கிள், சோட் லகீ க்யா?" என்று ஒருத்தி அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அடி ஒன்றும் இல்லை என்று அவர் கையை ஆட்டினார். எனக்குத்தான் முழங்கையில் தோல் வழன்றிருந்தது. நீ வீடியோவில் என் முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, பாத்ரூம் தாழ்ப்பாள் இடித்துவிட்டது என்றேனே, அது பொய்.

வீட்டுக்கு வந்து நான் மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வண்டி சாயறது தெரியுது அம்மிணி. புடிக்கோணும்னு நெனைக்கறேன். கால் நிக்கமாட்டேங்குது" என்றார். துணி ரோலைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறுகிற ஆள், கண்ணு. அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. எடை குறைந்ததற்கு ஊரே பாராட்டியது. அத்தனை பாராட்டிலும் அவர் கால் மெலிந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை, பக்கத்திலேயே இருந்த நானும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போனோம். வாட்சையும் போனையும் நீட்டினேன். அந்தம்மா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "கையக் கட்டிக்குங்க. ஊனாம, இந்தச் சேர்ல எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருங்க" என்றார். உங்கப்பா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். ஐந்தாறு தரத்துக்குமேல் முடியவில்லை. நெற்றியெல்லாம் வியர்த்து, கை தானாகச் சேரைப் பிடித்துக்கொண்டது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினவன் மாதிரி இட்லியும் மோரும் ஒப்பித்தார்.

"நல்லாப் பட்டினி கெடந்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. "பசிச்சா ஒடம்பு கொழுப்ப மட்டும் எடுத்துக்காதுங்க. சதையிலயும் கை வெக்கும். அதும் இந்த வயசுல, பருப்பும் முட்டையும் இல்லாம, பளு ஏதும் தூக்காம இருந்தா சீக்கிரமா கை வெக்கும். திங்கற சோத்துல இருந்து வர்ற சர்க்கரைய நெறைய வாங்கிக்கறது சதைதானுங்க. அதக் கரைச்சுப்போட்டா சர்க்கரை எங்க போகும்?"

உங்கப்பா மெல்ல வாட்சைக் காட்டி, "அப்ப இது சொல்றது நெசம்தானுங்களா?" என்று கேட்டார்.

"பொய்யும் இல்லீங்க, அப்படியே நம்பறதுக்கும் இல்லீங்க. உள்ள போய் யாரும் அளக்கலை. கணக்குப் போட்டு ஒரு மதிப்புச் சொல்லுது. தண்ணி குடிச்சா மாறும், நடந்துட்டு வந்தா மாறும், குளிச்சாலும் மாறும். காத்தால பாத்ரூம் போயிட்டு வந்து, வெறும் வயித்துல, எப்பவும் ஒரே மாதிரி எடுங்க. எடைய அன்னைக்கு இருக்கறதப் போடுங்க. வாரத்துக்கு ஒருக்காப் போதும். ஒருநாள் நம்பருக்கு அர்த்தம் இல்லீங்க. மாசக்கணக்குல எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் பாருங்க."

அதுவரை குனிந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார். "துணி எத்தனை கனம்னு நாங்க ஜிஎஸ்எம் பார்க்கறாப்பலீங்க. ஈரமா இருக்கறப்பக் கனம் பார்த்தா ஏமாத்திப்போடும். ஆறுன பொறவு, எல்லா ரோலையும் ஒரே மாதிரி பாக்கோணும்" என்றார். டாக்டரம்மா சிரித்து, "அதேதானுங்க. இனி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை" என்றார். ரத்தம் எடுத்து, கிட்னி நன்றாக இருக்கிறதென்று பார்த்த பிறகு, தினமும் முட்டை, பயறு, தயிர் சாப்பிடச் சொன்னார். அங்கேயே இருந்த பிசியோ பெண் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கஷ்டகாலம். உங்கப்பாவுக்குச் சாப்பிடப் பயம் வந்துவிட்டிருந்தது, கண்ணு. இதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தட்டில் முட்டையை வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். "எடை ஏறிப்போயிருமே அம்மிணி" என்பார். பசி இருக்கும், எதிரே சோறு இருக்கும், கை போகாது. நான் கொள்ளுப்பருப்பு கடைந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வேன். அவர் பிசைந்து முதல் வாய் வைக்கிறவரை நானும் சாப்பிடமாட்டேன். எடை மெஷினைத் தூக்கிப்போய் யூனிட்டில், கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். வாரத்துக்கு ஒருநாள்தான் வெளியே எடுத்துவருவேன்.

பயிற்சியில் ஒரு கூத்து. ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுக்கவேண்டும், கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பிசியோ பெண் சொல்லியிருந்தாள். "எலாஸ்டிக்குக் காசு குடுக்கறதா? ஊடு நெறையக் கெடக்குது" என்று ஜட்டிக்குப் போடுகிற இடுப்பு எலாஸ்டிக்கை நாலாக மடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் அது பட்டென்று அறுந்து என் காப்பி டம்ளரில் விழுந்தது. அப்புறம் கடைக்குப் போய் வாங்கிவந்தார். தினமும் சேரில் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துத் தள்ளுவது, மாடிப்படி ஏறுவது என்று நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். முதல் வாரம் இரண்டு பேரும் ஒருத்தர் தொடையை ஒருத்தர் பிடித்துவிட்டுக்கொண்டு முனகினோம்.

மார்கழி முடியப்போகும்போது எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. "பாத்தியா, நான் சொன்னனா இல்லையா!" என்று மெஷினின் மேலேயே நின்றுகொண்டு சத்தம் போட்டார். "எறங்குங்க முதல்ல. எளச்சப்பப் போட்டுட்டிருந்த அந்தப் பேண்ட்டப் போட்டுப் பாருங்க" என்றேன். போட்டார். இடுப்பில் பழைய மாதிரியே, சொல்லப்போனால் கொஞ்சம் தளர்ச்சியாகவே நின்றது. வாட்சைத் திறந்தோம். தசைக் கோடு கொஞ்சமாக, வெட்கப்பட்டுக்கொண்டு தலை தூக்கியது மாதிரி, மேலே திரும்பியிருந்தது. வாட்ச் சரியோ தப்போ, கையைக் கட்டிக்கொண்டு சேரிலிருந்து எழுந்து எழுந்து காட்டினார், பார்! சேர்தான் முனகியது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் அடங்கியிருந்தது. அந்த மாசங்களில் அவர் ஞாயிற்றுக்கிழமை போட்டோ அனுப்பாததற்கு உன்னிடம் மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொன்னார் அல்லவா, பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

நீ அழகாக இருக்கவேண்டும் என்று நினைப்பதை நான் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் நீ எடுப்பாக நின்றால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் யார்? கொழுப்பு அதிகம் என்று நினைத்தால் குறை, ஆனால் நிதானமாகக் குறை. சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் நாலு பேர் திட்டம் போட்டுக் கொடுக்கும் ஊரில் இருக்கிறாய், நல்ல டாக்டரைக் கேள். பயறு சாப்பிடு, பளு தூக்கு, தூங்கு. ஒரு காலையில் வாட்ச் ஒரு எண் கூடுதலாகக் காட்டினால், முந்தின நாள் நீ எவ்வளவு தண்ணீர் குடித்தாய், எப்போது தூங்கினாய் என்று யோசி. அந்த எண்ணுக்காக மத்தியானச் சோற்றைத் தண்டனையாக நிறுத்தாதே. அப்படி நிறுத்திப் போகிற எடையில் நீ எதை இழக்கிறாய் என்பது உனக்குத் தெரியாது. உங்கப்பாவுக்குத் தெரியவில்லை. ரோட்டில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. கல்யாணம் முடிந்து போட்டோ ஆல்பத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீயும் அவளும் அந்த உடம்பை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனையோ வருஷம் வாழவேண்டும்.

போன வாரம் உன் பத்திரிகை வைக்க மடத்துக்குளம் வழியாகக் கொமரலிங்கம் போயிருந்தோம். உங்கப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் இலை போட்டுச் சோறு போட்டார்கள். தரையில்தான் பந்தி. சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, கையை எங்கும் ஊன்றாமல் அவர் எழுந்து நின்றதை நான் ஒருத்திதான் கவனித்தேன். அமராவதி பக்கத்தில்தானே என்று வெயில் தாழ்ந்ததும் ஆற்றுக்குப் போனோம். திரும்பும்போது கரைமேட்டில் ஏற முடியாமல் நான் பாதியில் நின்றுவிட்டேன். மேலே போய்விட்டவர் திரும்பி இறங்கிவந்து, "கையக் குடு அம்மிணி" என்று என்னை இழுத்து ஏற்றிவிட்டார். என்னுடைய எடை உனக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் விடைபெறும்போது அந்த அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, நீ எளச்சுப்போயிட்டீன்னு சொன்னாங்க. சித்தெ பூசுனாப்பலயல்ல இருக்கறே?" என்றார். முன்பு இப்படி யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு ராத்திரி மோரும் இறங்கியிருக்காது. நான் பயந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன்.

உங்கப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமாங்கக்கா, நெம்பப் பாடுபட்டு ஏத்துனதுங்க" என்றார்.

அன்புடன்,
அம்மா